கட்டாயப் புலம்

ஸ்டேஷனில் என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.
பழைய கேஸ் டைரி அட்டையை மடித்து
முட்டுக் கொடுத்திருக்கிறார் ருத்ரமூர்த்தி சார்.
நல்ல மனிதர்.
"ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்காமல்
ஒரு நாளும் என்னிடம் ஃபைல் நீட்டியதில்லை.

ஒப்பந்த வேலை. மாதம் பதினாறாயிரம்.
கன்னடத்தில் தட்டுவேன், ஆங்கிலத்தில் தட்டுவேன்,
தமிழில் வாய்க்குள் முனகிக்கொள்வேன்.

ஏரியைத் தூர்த்துக் கட்டிய அடுக்குமாடியில்
ஒன்பதாம் தளத்தில் ஒரு ஜோடி வளையல் காணோம்.
அன்றைக்கு லிஃப்டில் ஏறி இறங்கியவர்கள்
நூற்றுப் பதினான்கு பேர் என்கிறது கேமரா.
காலையில் எங்கள் பெஞ்சில் நான்கு பேர்.
குப்பை பிரிக்கும் ஜமிலுதீன்.
அவன் பேச்சே அவனுக்கு எதிரான சாட்சி.
இரவு வாட்ச்மேன் லால்தங்கா.
எதிர் பிளாக்கில் வாடகைக்கு இருந்து படிக்கும் ஓபின்னா,
யாரும் கேட்கும் முன்பே
விசா நகலை மடியில் விரித்து வைத்திருந்தான்.
அப்புறம் எங்கள் காலனி ஆரோக்கியசெல்வம்.
மூன்று மாதம் முன்பு அங்கே குழாய் மாற்றப் போனவன்.

யாரும் யாரையும் அடிக்கவில்லை.
கெட்ட வார்த்தைகூட இல்லை.
தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தோம்.
அந்த நான்கு தம்ளர்களையும்
தனியே கவிழ்த்து வைத்தது யாரென்று
எனக்குத் தெரியாது.

'சந்தேகத்துக்கு இடமாக நடமாடினான்,
போலீஸைக் கண்டதும் ஓட முயன்றான்'
இந்த வரியை நான் தட்டுவதே இல்லை.
எஃப் ஃபோரை அழுத்தினால்
தானாக வந்து விழும்.
நான்கு முறை அழுத்தினேன்.
லாரி ஏறி இடது முழங்கால் மடங்காமல் போன ஆரோக்கியசெல்வமும்
ஓட முயன்றான்.

அடுத்து சாதி.
விட்டுவிட்டுச் சேமிக்கப் பார்த்தேன்.
பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் முளைத்து
'இது கட்டாயப் புலம்' என்றது.
என் தாத்தா காலத்தில்
தங்கச் சுரங்கத்துக்குப் புலம்பெயர்ந்தோம்,
சுரங்கம் மூடியதும் இந்த ஊருக்குப் பெயர்ந்தோம்.
இந்த ஒரு புலம் மட்டும்
இடம் பெயரவே மாட்டேன் என்கிறது.
ஓபின்னாவுக்கு என்ன போடுவது என்று கேட்டேன்.
"நாட்டைப் போடும்மா, போதும். எல்லாம் ஒன்றுதான்"
என்றார் சார், வெள்ளந்தியாக.

சுவரில் வரைபடம்.
எங்கள் காலனி வேர்க்குரு பொரிந்த முதுகு.
சிவப்பு என்பதால் ரோந்து அங்கே போகிறது,
போன ரோந்து வெறுங்கையோடு திரும்புமா?
திரும்பியதைப் புள்ளியாக வைப்பது என் விரல்.
சனிக்கிழமை இரவு
ஒன்பதாம் தளத்துக்கும் பொட்டலம் வரும்.
புள்ளி வைக்க
யாரும் இதுவரை லிஃப்ட் ஏறியதில்லை.

ஆறாம் நாள் போன்.
வளையல் வாஷிங் மெஷினின் ரப்பர் மடிப்பில் கிடந்ததாம்.
அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டார்,
ஸ்டேஷனுக்குத் தொந்தரவு கொடுத்ததற்காக.

கேஸ் மூடியாகிவிட்டது.
நான்கு பெயர்களை அழிக்கத் தேடினேன்,
அதற்குப் பொத்தான் வைக்கவில்லை.
'ஏற்கெனவே விசாரிக்கப்பட்டவர்' என்ற தலைப்பின் கீழ்
அடுத்த வளையலுக்காகக் காத்திருக்கிறார்கள்.
கெடுதல் நினைத்தவன் பெயரைச் சொல் என்றால்
சத்தியமாக என்னால் சொல்ல முடியாது.

மார்ச் கடைசியில் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும்.
நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு
என் பெயரை நானே தட்டினேன்,
அப்பா பெயர், சாதி, கதவு எண், காலனி.
திரை சிவந்தது.
'கூடுதல் விசாரணை தேவை.'

"சும்மா ரொட்டீன்மா, கவலைப்படாதே"
என்று எட்டிப் பார்த்துச் சிரித்தார் ருத்ரமூர்த்தி சார்.
பிறகு எதையோ நினைத்துக்கொண்டவராய்,
"ஊட்டா ஆய்த்தா?"

ஆய்த்து சார், என்றேன்.
ஆகியிருக்கவில்லை.